சாஃபோ: எஞ்சிய அடிகளும் நீடித்த புகழும்

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏஜியன் கடலின் லெஸ்போஸ் தீவில் பிறந்த சாஃபோ, பண்டைக் கிரேக்கத்தின் பெண் கவிகளுள் மிகப் பெரும் புகழ் பெற்றவர். அவர் பாடியவை ஏறத்தாழ 10,000 அடிகள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று கிடைப்பவை 650 அடி அளவே. அவற்றிலும் பெரும்பகுதி ஒரு சொல், அரை அடி, கிழிந்த ஓரத்தில் தங்கிய சில எழுத்துகள் என்ற நிலையில் உள்ளவை. முழுமையானது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க பாடல் ஒன்றே ஒன்று: காதல் தெய்வமான அஃப்ரோதித்தேயை விளித்துப் பாடிய 28 அடிப் பாடல்.

இவ்வளவு சொற்பமாக எஞ்சிய ஒருவரின் பெயர் 2,600 ஆண்டுகள் நிலைத்தது எப்படி என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. நூல் அழிந்ததே புகழுக்குக் காரணம், இல்லாத பாடல்களின் இடத்தை ஒவ்வொரு காலமும் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டது என்பது ஒன்று. பாடல்களைவிட அவரைப் பற்றிய கதைகளே, குறிப்பாகக் காதல் தோல்வியால் பாறையிலிருந்து கடலில் பாய்ந்தார் என்ற கதையே, அவரை வாழவைத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் முழு விடையாகவில்லை. புகழ் நூலின் அழிவுக்கு முந்தியது. கதையும் அழிவுக்கு முந்தியதே. அழிவு செய்ததெல்லாம் கதையை மறுக்கும் சான்றை அகற்றியதுதான்.

வாழ்க்கை: உறுதியும் ஐயமும்

சாஃபோவின் ஊர் லெஸ்போஸின் மித்திலீனி என்றும், அதே தீவின் எரெசோஸ் என்றும் இரு மரபுகள் உண்டு. அவர் பாடியது ஈயோலியக் கிளைமொழியில். அதே தீவைச் சேர்ந்த ஆல்கேயஸ் என்னும் கவி அவர் காலத்தவர். மித்திலீனியின் பிரபுக் குடும்பங்களுக்குள் ஆட்சிக்காக நடந்த பூசல்களின் காலம் அது. பாரோஸ் தீவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலவரிசைக் கல்வெட்டு, சாஃபோ சிசிலிக்கு நாடுகடந்து சென்றதைக் குறிக்கிறது.

சாஃபோவின் அண்ணனோ தம்பியோ ஆன கராக்ஸோஸ் எகிப்தின் நௌக்ராத்திஸ் துறைமுகத்தில் ரோதோபிஸ் என்ற கணிகையைப் பெரும் பொருள் கொடுத்து மீட்டதாகவும், அதற்காக சாஃபோ அவரைப் பாட்டில் கடிந்துகொண்டதாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். லாரிகோஸ் என்ற இன்னொரு சகோதரர் மித்திலீனியின் அரசு மன்றத்தில் மது வார்க்கும் பணி செய்தார். உயர்குடி இளைஞருக்கே கிடைத்த மதிப்பு அது. கிளெயிஸ் என்ற மகளின் பெயர் பாடலிலேயே வருகிறது.

கணவர் பற்றிய செய்தி இந்தத் தரத்தில் இல்லை. ஆந்த்ரோஸ் தீவின் கெர்கிலாஸ் என்ற செல்வர் அவர் கணவர் என்கிறது 10ஆம் நூற்றாண்டின் சூதா என்னும் பைசாந்தியக் கலைக்களஞ்சியம். அந்தப் பெயரும் ஊரும் கொச்சைச் சிலேடை தொனிப்பவை என்பதால், ஏதோ ஒரு நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்த கேலியே பின்னால் வரலாறாகப் பதிவானது என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். சாஃபோவின் வாழ்க்கை வரலாறு எனப்படுவதில் பெரும்பகுதி இத்தகைய மண்ணில் முளைத்ததே.

நூல் முழுமையாக இருந்த காலத்துப் புகழ்

அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் கிரேக்க இசைப்பாக் கவிகளில் ஒன்பது பேரைத் தேர்ந்து வரிசைப்படுத்தினர். அந்த வரிசையில் இடம்பெற்ற ஒரே பெண் சாஃபோ. அவர் பாடல்கள் எட்டு அல்லது ஒன்பது சுருள்களாகத் தொகுக்கப்பட்டன. முதல் சுருளில் மட்டும் 1,320 அடிகள் இருந்தன. அனைத்தும் ஒரே பாவகையில் அமைந்தவை. பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ஒரு சிறு பாடல் அவரைப் பத்தாவது கலைத்தெய்வம் என்கிறது. பிளேட்டோ எழுதியதா என்பது ஐயமே என்றாலும், அந்தப் பட்டம் பழங்காலத்திலேயே வழக்கில் இருந்தது.

கலைப்பொருள்களும் இதையே சொல்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பட்டு இப்போது மியூனிக்கில் இருக்கும் கலமொன்றில் ஆல்கேயஸும் சாஃபோவும் யாழேந்தி எதிரெதிரே நிற்கின்றனர். அதே நூற்றாண்டைச் சேர்ந்த, ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள நீர்க்குடத்தில் அவர் சுருளை விரித்து வாசித்தபடி அமர்ந்திருக்கிறார். சிற்பி சிலானியோன் வடித்த சாஃபோவின் வெண்கலச் சிலை சிசிலியின் சிராக்கியூஸ் நகர மன்றத்தில் இருந்தது. ரோமானிய ஆளுநர் வெர்ரெஸ் அதைக் கவர்ந்து சென்றதை, கி.மு. 70இல் அவருக்கு எதிராகத் தயாரித்த உரையில் சிசரோ குற்றமாக எடுத்துரைக்கிறார். ரோமானியர் காலத்தில் மித்திலீனி நகரம் தன் நாணயங்களில் அவர் உருவைப் பொறித்தது. மித்திலீனியர் சாஃபோவைப் பெண்ணாக இருந்தும் போற்றினர் என்ற ஒரு கூற்று அரிஸ்டாட்டிலின் அணியியல் நூலில் வருகிறது. அந்த 'இருந்தும்' அன்றைய பொது மனநிலையைக் காட்டுகிறது. அந்த மனநிலையை மீறியே அவருடைய மதிப்பு நிலைபெற்றது.

இவை அனைத்தும் பாடல்கள் முழுமையாகப் புழக்கத்தில் இருந்தபோது நடந்தவை. ஆகவே புகழுக்கு அழிவே காரணம் என்ற விடை இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

இரண்டு கொடைகள்: பாவடிவமும் மெய்ப்பாடும்

சாஃபோவின் பெயரால் வழங்கும் பாவகை நான்கு அடிகளாலானது. முதல் மூன்று அடிகள் பதினொரு அசை கொண்டவை. நான்காம் அடி ஐந்தே அசை. நெடிய அசையும் குறுகிய அசையும் இன்ன இடத்தில் வரவேண்டும் என்ற ஒழுங்கு முதல் மூன்று அடிகளில் மாறாமல் திரும்புகிறது. மூன்று முறை எழும்பிய ஓட்டம் நான்காவதில் சட்டென நின்றுவிடுகிறது. உணர்ச்சி பெருகுவதும் தொண்டை அடைப்பதும் யாப்பிலேயே அமைந்திருப்பது இந்த வடிவத்தின் வலிமை. இதை அவரே கண்டுபிடித்தாரா, தீவின் நாட்டார் பாடலிலிருந்து எடுத்துச் செம்மை செய்தாரா என்பது முடிவாகவில்லை. ஆல்கேயஸும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இந்த வடிவம் ரோமுக்குப் போனது. கத்துல்லுஸ் இரண்டு பாடல்களில் இதைக் கையாண்டார். ஹோரஸ் தம் பாடல்களில் 25ஐ இதில் அமைத்தார். கி.மு. 17இல் அகஸ்டஸ் நடத்திய நூற்றாண்டு விழாவில் 27 சிறுவர்களும் 27 சிறுமிகளும் பாடுவதற்காக அவர் எழுதிய அரசு வாழ்த்துப்பாவும் இதே யாப்பில் அமைந்தது. ஹோரஸ் வழியே இடைக்காலக் கிறித்தவப் பாடலாசிரியர்களுக்கும் இது வந்து சேர்ந்தது. திருமுழுக்கு யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் துதிப்பாடல் இந்த யாப்பிலானது. 11ஆம் நூற்றாண்டில் அரெத்சோ நகரின் கீதோ என்ற துறவி, அந்தத் துதியின் அரையடிகள் ஒவ்வொன்றும் அடுத்தடுத்த உயர்ந்த சுரத்தில் தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதல் அசைகளையே சுரங்களின் பெயர்களாக்கினார். மேற்கத்திய இசையின் 'ரே, மீ, ஃபா, சோல், லா' அங்கிருந்து பிறந்தவை. சாஃபோவின் ஓர் அடியையும் அறியாத பாடகர் குழுக்களின் நாவில் அவருடைய யாப்பு பல நூற்றாண்டுகள் ஓடியது.

இரண்டாவது கொடை, காதலை உடலின் குறிகளாகக் காட்டும் முறை. ஓர் ஆண், ஒரு பெண்ணுக்கு எதிரே அமர்ந்து அவள் பேச்சையும் சிரிப்பையும் கேட்கிறான். அதைப் பார்க்கும் கவியின் நிலை அடுத்தடுத்து விரிகிறது: நா செயலிழக்கிறது, தோலுக்கடியில் மெல்லிய தீ பரவுகிறது, கண் இருள்கிறது, காது இரைகிறது, வியர்வை வழிகிறது, நடுக்கம் பற்றுகிறது, நிறம் புல்லைவிட வெளிறுகிறது, சாவுக்கு அருகில் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அந்த ஆண் தொடக்கத்தில் மட்டும் வந்து மறைந்துவிடுகிறான். ஏக்கம், காதல் போன்ற பெயர்களைச் சொல்லி விளக்காமல், மருத்துவர் குறிப்பெடுப்பது போன்ற நிதானத்தோடு ஒவ்வோர் உறுப்பாகப் பாடல் நகர்கிறது. 'உன்னதம் குறித்து' என்ற நூலின் ஆசிரியர் லாங்கினஸ் இதையே மெச்சினார்: சிதறிக்கிடக்கும் குறிகளில் உச்சமானவற்றைத் தேர்ந்து ஒன்றாக இணைத்ததே சாஃபோவின் திறம் என்பது அவர் கணிப்பு. அவர் மேற்கோளாகக் காட்டியதால்தான் இந்தப் பாடல் எஞ்சியது.

இதன் செல்வாக்கு இலக்கியத்துக்கு வெளியேயும் சென்றது. இளவரசன் அந்தியோக்கஸ் தன் சிற்றன்னை ஸ்திராத்தோனிகேமேல் கொண்ட காதலை மறைத்து நோயில் கிடந்தபோது, அவள் அறைக்குள் வந்ததும் சாஃபோ சொன்ன குறிகளெல்லாம் அவன் உடலில் தோன்றியதைக் கண்டு மருத்துவர் எராசிஸ்திராத்தஸ் நோயின் காரணத்தை அறிந்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கத்துல்லுஸ் இதே பாடலை லத்தீனில் மாற்றி எழுதினார். தாம் காதலித்த பெண்ணுக்குத் தம் கவிதைகளில் 'லெஸ்பியா' என்ற பெயரைச் சூட்டினார். ஐரோப்பியக் காதல் கவிதையில் பின்னாளில் தேய்வழக்காகிவிட்ட தீயும் நடுக்கமும் ஊமையான நாவும் பெருமளவு இந்த வழியே வந்தவை.

மேடை கட்டிய கதை

ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக்காரர்கள் சாஃபோவைக் கேலிப்பாத்திரமாக்கினர். அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட நாடகங்களை அந்திஃபானஸ், திஃபிலோஸ் உள்ளிட்ட பலர் எழுதினர். திஃபிலோஸ் தம் நாடகத்தில் கவிகளான ஆர்கிலோகோஸையும் ஹிப்போனாக்ஸையும் சாஃபோவின் காதலர்களாக்கினார். இவர்களுள் ஒருவர் சாஃபோவுக்கு மூத்த தலைமுறை, மற்றவர் பிந்திய தலைமுறை. நாடகக்காரருக்குக் காலக்கணக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஃபாயோன் கதையும் இந்தச் சூழலில்தான் வளர்ந்தது. ஃபாயோன் அஃப்ரோதித்தேயின் அருளால் இளமை பெற்ற படகோட்டி, தொன்மப் பாத்திரம். அவன் மீதான காதல் நிறைவேறாமல் சாஃபோ லெவ்காஸ் தீவின் வெண்பாறையிலிருந்து குதித்தார் என்ற செய்தியை நகைச்சுவை நாடகாசிரியர் மெனாந்தரின் நாடகத்திலிருந்து புவியியலாளர் ஸ்திராபோ மேற்கோள் காட்டுகிறார். ஓவிடின் பெயரால் வழங்கும் ஒரு கற்பனைக் கடிதம் இதை விரித்தது. அதில் சாஃபோ, தாம் முன்பு நேசித்த பெண்களை மறந்து ஃபாயோனுக்காக உருகுகிறார்.

சாஃபோவின் எல்லாச் சுருள்களும் கையில் இருந்த காலத்திலேயே இந்தக் கதை பிறந்துவிட்டது. அழிவு இதைப் படைக்கவில்லை. அன்றைய வாசகருக்குக் கதையைப் பாடலோடு ஒப்பிட்டுச் சிரிக்க முடிந்தது. பின்வந்தவர்களுக்கு ஒப்பிடப் பாடல் இல்லை.

சுருள்கள் மறைந்த விதம்

கிறித்தவத் திருச்சபை சாஃபோவின் நூல்களை எரித்தது என்ற செய்தி மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து பரவியது. நான்காம் நூற்றாண்டின் நசியான்சஸ் கிரகோரி மீது சிலரும், 1073இல் திருத்தந்தையான ஏழாம் கிரகோரி மீது சிலரும் பழி போட்டனர். இரண்டுக்கும் சமகாலச் சான்று இல்லை. எகிப்திலிருந்து பெர்லின் சென்ற தோல் ஏடு ஒன்று முதல் குற்றச்சாட்டுக்கு எதிராகவே நிற்கிறது. அதில் இருப்பவை சாஃபோவின் பாடல்கள். எழுதப்பட்ட காலம் கி.பி. 6 அல்லது 7ஆம் நூற்றாண்டு. நான்காம் நூற்றாண்டில் ஒழிக்கப்பட்டதாகச் சொல்லும் கவியை, கிறித்தவம் வேரூன்றிய எகிப்தில், விலையுயர்ந்த தோலில் யாரோ படியெடுத்திருக்கிறார்கள்.

உண்மைக் காரணம் சாதாரணமானது. பள்ளிகளில் ஏதென்ஸின் அத்திக்கக் கிரேக்கமே பாடமொழியானது. ஈயோலியக் கிளைமொழி படிப்பவருக்குக் கடினமாயிற்று. பாப்பிரஸ் சுருளிலிருந்து தோல் ஏட்டுக்கு நூல்கள் மாறியபோது, வாசகர் குறைந்த நூல்களைப் படியெடுக்க ஆளில்லை. இசைப்பாக் கவிகளில் பிந்தாரின் ஒரு பகுதி தவிர மற்றவர் பலரின் தொகுப்புகளும் இதே கதியை அடைந்தன. 12ஆம் நூற்றாண்டின் பைசாந்திய அறிஞர் திசேத்சேஸ், சாஃபோவைக் காலம் அழித்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார்.

அச்சும் திருத்தமும்

1405இல் கிறிஸ்தீன் த பிசான் தம் 'பெண்களின் நகரம்' நூலில் சாஃபோவை அறிஞருள் ஒருவராகக் குடியமர்த்தினார். வத்திக்கானில் ராஃபேல் தீட்டிய 'பர்னாசஸ்' சுவரோவியத்தில் பெயர் எழுதிய சுருளோடு அவர் அமர்ந்திருக்கிறார். இவர்களுக்குப் பாடல்கள் கிடைக்கவில்லை. பெயரும் புகழ்மொழியும் மட்டுமே கிடைத்தன. 1554இல் லாங்கினஸின் நூல் அச்சேறியது. அதே காலத்தில் ஹென்றி எஸ்தியேன் சாஃபோவின் எஞ்சிய பாடல்களை அச்சிடத் தொடங்கினார். 1681இல் ஆன் தாசியே அவற்றைப் பிரெஞ்சில் தந்தார்.

மொழிபெயர்ப்புகள் பாடலைக் கதைக்கு ஏற்ப வளைத்தன. அஃப்ரோதித்தே பாடலில் காதலிக்கப்படுபவர் பெண் என்று மூலத்தின் இலக்கணம் காட்டுகிறது. 1711இல் ஆம்புரோஸ் பிலிப்ஸ் ஆங்கிலத்தில் அவரை ஆணாக்கினார். ஹென்றி வார்ட்டன் 1885இல் வெளியிட்ட பதிப்பில்தான் ஆங்கில வாசகருக்குப் பெண்பால் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஃபாயோன் கதையே மேலோங்கியிருந்தது. 1796இல் மேரி ராபின்சனின் பதினான்கடிப் பாடல் வரிசை, 1809இல் தாவீதின் ஓவியம், 1818இல் கிரில்பார்த்சரின் நாடகம், 1822இல் லியோபார்தியின் கவிதை, 1851இல் குனோவின் இசை நாடகம் என அது எல்லாக் கலைகளிலும் பரவியது. போதலேர் 'லெஸ்போஸ்' கவிதையில் வேறொரு சாஃபோவைக் காட்டினார். 1857இல் நீதிமன்றம் தடை செய்த அவருடைய ஆறு கவிதைகளுள் அது ஒன்று. தடை 1949இல்தான் நீங்கியது.

எகிப்திய மணலிலிருந்து

1896–97இல் பெர்னார்ட் கிரென்ஃபெல்லும் ஆர்தர் ஹன்ட்டும் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரக் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினர். 1898இல் வெளியான முதல் தொகுதியிலேயே சாஃபோவின் ஒரு பாடல் இருந்தது. சகோதரர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் அது. 1937இல் மெதேயா நோர்சா வெளியிட்ட பானையோட்டில் இன்னொரு பாடல் கிடைத்தது. ஆப்பிள் தோப்பு, சாம்பிராணி புகையும் பலிபீடம், கிளைகளினூடே ஒலிக்கும் குளிர்ந்த நீர் என அஃப்ரோதித்தேயை அழைக்கும் பாடலை, யாரோ சொல்லக் கேட்டு ஒருவர் பிழைகளோடு ஓட்டில் எழுதியிருக்கிறார். கொலோனில் உள்ள கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளின் வழியே, முதுமையைப் பற்றிய பாடல் 2004இல் ஏறக்குறைய முழுமை பெற்றது. நரைத்த தலை, தாங்காத முழங்கால், சாகாவரம் பெற்றும் மூப்பிலிருந்து தப்பாத தித்தோனோஸ் ஆகியவை அதன் பொருள்.

2014இல் வெளியான பாடல் கராக்ஸோஸ், லாரிகோஸ் இருவரையும் பெயர் சொல்லிக் குறித்தது. பழைய உரையாசிரியர்கள் சொன்ன குடும்பச் செய்திக்குப் பாடலிலேயே ஆதாரம் கிடைத்தது. ஆனால் அந்தப் பாடல் இருந்த பாப்பிரஸ் தாள் வந்த வழி பற்றிச் சொல்லப்பட்ட விவரங்கள் நம்பத்தகாதவை என்று தெரியவந்ததால், அவற்றைக் கூறிய கட்டுரையைப் பிரில் பதிப்பகம் 2021இல் திரும்பப் பெற்றது. பாடல் சாஃபோவுடையது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். தாள் எங்கிருந்து, எவர் கைமாறி வந்தது என்பதை மறைத்தால் அறிவுலகம் அடையும் நட்டத்துக்கு இது சான்று.

ஒரு விளக்கத்தின் வரலாறு

பாடல்களில் பெண்கள்மேல் வெளிப்படும் காதலை எப்படிப் புரிந்துகொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டில் சிக்கலானது. 1816இல் வெல்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் சாஃபோவைப் 'பழியிலிருந்து' விடுவிப்பதாக நூல் எழுதினார். 1913இல் விலமோவித்ஸ் அவரை இளம்பெண்களுக்கான கல்விக்குழுவின் தலைவியாகக் காட்டினார். அதன்படி காதல், மாணவிகள் மீதான ஆசிரியையின் பாசமாகிவிட்டது. 1955இல் டெனிஸ் பேஜ் தம் உரையில் இப்படியொரு கல்வி நிலையத்துக்குப் பாடல்களில் சான்றில்லை என்றார். 1993இல் ஹோல்ட் பார்க்கர், பள்ளி ஆசிரியை என்ற உருவமே 19ஆம் நூற்றாண்டுப் பண்பாட்டின் படைப்பு என்று வாதிட்டார். மறுபுறம், திருமணப் பாடல்களும் பெண் குழுவினரைக் குறிக்கும் அடிகளும் பாடல்கள் சடங்கிலோ கூட்டத்திலோ பாடப்பட்டவை என்பதற்கு இடம் தருகின்றன. பள்ளிக்கு ஆதாரமில்லை, பெண்கள் கூடிப் பாடிய சூழலுக்கு ஆதாரம் உண்டு என்பதே இப்போதைக்கு வலுவான நிலைப்பாடு.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பாடல்களை வெளிப்படையாகச் சொந்தமாக்கிக்கொண்டது. கவி ரெனே விவியன் கிரேக்கம் கற்று 1903இல் அவற்றைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1955இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்களை விரும்பும் பெண்கள் அமைத்த சங்கம், சாஃபோவின் தோழியாகப் பியேர் லூயிஸ் 1894இல் கற்பனை செய்த 'பிலித்திஸ்' பெயரைச் சூடிக்கொண்டது. 2008இல் லெஸ்போஸ்வாசிகள் சிலர், தீவின் பெயரை அத்தகைய அமைப்புகள் பயன்படுத்தக் கூடாதென ஏதென்ஸ் நீதிமன்றத்தை நாடித் தோற்றனர்.

கவிதைக்கு மணல் தந்த பாடம் வேறு. கவிகளான எஸ்ரா பவுண்டும் ஹெச்.டி.யும் சிதைந்த அடியின் இறுக்கத்தைப் புதுக்கவிதையின் இலக்கணமாகக் கொண்டனர். 1958இல் மேரி பார்னார்ட் அணிகலன் நீக்கிய பேச்சுநடையில் மொழிபெயர்த்தார். 2002இல் ஆன் கார்சன் தாள் கிழிந்த இடங்களை அடைப்புக்குறிகளால் காட்டி, எது எஞ்சியது, எது இல்லை என்பதை வாசகர் கண்முன் வைத்தார்.

மதிப்பீடு

சாஃபோவின் மரபில் மூன்று இழைகளைப் பிரித்தறியலாம். பாவடிவம் கிரேக்கத்திலிருந்து லத்தீன், திருச்சபை, நவீன ஐரோப்பிய மொழிகள் என இடையறாமல் கைமாறியது. உடலின் குறிகளால் காதலைச் சொல்லும் முறை லாங்கினஸ், கத்துல்லுஸ் வழியே நிலைத்தது. மூன்றாவதான ஃபாயோன் கதை, பாடல் கிடைக்காத நூற்றாண்டுகளில் ஓங்கி, 1898க்குப் பின் புதிய அடிகள் கிடைக்கக் கிடைக்கத் தேய்ந்தது. இன்று அதை வரலாறாக எடுத்துக்கொள்ளும் அறிஞர் எவரும் இல்லை. சிதைவின் அழகு என்ற ரசனை நான்காவதாக வந்து சேர்ந்தது. அது கடந்த நூற்றாண்டின் சேர்க்கை, புகழின் தோற்றுவாய் அல்ல.

முதல் இரண்டும் பாடலிலிருந்தே வந்தவை; அவையே தளராமல் நின்றவை. ஆகவே சாஃபோவை அணுகுவோர் அவர் பெயரைச் சுற்றிய கதைகளை ஒதுக்கி, எஞ்சிய 650 அடிகளிலிருந்து தொடங்குவதே முறை.